குரும்பகரம் புல்வெட்டு

சோழ மண்டலத்துக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, வரிவரியாக அலசி, அவற்றை வைத்து அறிஞர்கள் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வதுவரை எல்லாம் ஆகிவிட்டது. செப்பேடுகளுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டிவிட்டது. புல்வெட்டைத்தான் ஆய்வுலகம் சீந்தாமல் விட்டுவைத்திருக்கிறது. அந்தக் குறையைப் போக்கும் முதல் முயற்சி இது என்பதைத் தன்னடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியில் தன்னடக்கம் இருக்க வேண்டும் என்பது மரபு. இரண்டாம் பத்தியில் அதைக் கைவிடலாம் என்பதும் மரபே.

காரைக்கால் மாவட்டம், நெடுங்காடு கொம்யூன், குரும்பகரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் விரிந்து கிடக்கும் புல்தரை, அதை வெட்டுவதற்கென்றே வாங்கி நிறுத்தியிருக்கும் சிறிய டிராக்டர், அந்த டிராக்டரின் வயிற்றுக்கடியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தொங்கும் வெட்டுத்தட்டு ஆகிய மூன்றுமே நமக்கு மூலபாடம். உரிமையாளர் பிரான்ஸில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். காரைக்கால் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. திரும்பியவர் கொல்லையில் தென்னை வைக்காமல், வாழை வைக்காமல், புல்லை வைத்ததுதான் ஊருக்கு இன்னும் செரிக்கவில்லை. ஊரார் அவரைப் ‘பிரான்ஸ்காரர்’ என்கிறார்கள். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

புல்தரையின் பரப்பு ஒன்றரை மா. இந்த அளவை தெரியாத வடக்கத்தி வாசகருக்காகச் சொன்னால், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். ஆக ஒன்றரை மா அரை ஏக்கர். மீட்டரில் ஐம்பதுக்கு நாற்பது. இதில் சம்பா போட்டால் என்ன விளையும் என்று அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். சிலர் வாய்விட்டே போடுகிறார்கள்.

இனி, புல் என்பது யாது?

வெளியே வைரம் பாய்ந்ததெல்லாம் புல், உள்ளே வைரம் பாய்ந்ததெல்லாம் மரம் என்று தொல்காப்பிய மரபியல் பகுத்து வைத்திருக்கிறது. இந்தப் பகுப்பின்படி தென்னையும் பனையும் கமுகும் மூங்கிலும் புல்லே. தொல்காப்பியர் வழியில் நின்று பார்த்தால் பிரான்ஸ்காரர் வீட்டு மதிலோரம் நிற்கும் ஆறு தென்னைகளும் புல்தரையின் பகுதிகள். வெட்டாமல் விட்டதால் வளர்ந்துவிட்டவை. இக்கொள்கையை வெட்டுத்தட்டு ஏற்பதில்லை. தென்னையின் தூரில் ஒரு தடவை தட்டின் விளிம்பு முட்டி நெளிந்ததும், அன்று முதல் டிராக்டர் ஓட்டும் தம்பி மரபியலுக்கு எதிர்க்கட்சி ஆனதும் இங்கே பதிவு செய்யத்தக்கவை. இன்றைய தாவரவியல் தென்னையைப் புல் குடும்பத்திலிருந்து வெளியேற்றிவிட்டது. மூங்கிலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே தொல்காப்பியருக்குப் பாதி மதிப்பெண்ணாவது தர வேண்டும்.

தாவரவியல் ஒரு பெரிய உண்மையை நம் கையில் கொடுக்கிறது. அருகம்புல், கரும்பு, மூங்கில், நெல் நான்கும் ஒரே குடும்பம். நெல் ஒரு புல். அதை ஒப்புக்கொண்டால் காவிரிக் கடைமடை முழுவதுமே ஒரு பெரிய புல்தரை. தை, மாசியில் வயலில் இறங்கும் அறுப்பு மிஷின் ஒரு பெரிய புல்வெட்டி. டயர் மிஷினா செயின் மிஷினா என்று ஈரத்தைப் பார்த்துப் பேரம் பேசும் விவசாயி, பிரான்ஸ்காரர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே புல்தரை பராமரிக்கும் பரம்பரையைச் சேர்ந்தவர். வேறுபாடு ஒன்றுதான். அவர் புல்லைப் பூக்க விட்டு, பால் பிடிக்க விட்டு, கதிர் சாய்ந்த பிறகு வெட்டுகிறார். இவர் பூக்கவே விடாமல் வெட்டுகிறார். அங்கே வெட்டி எடுத்தது வீட்டுக்குப் போகிறது, தாள் நிலத்தில் நிற்கிறது. இங்கே தாள்தான் விளைச்சல். வெட்டி எடுத்தது குப்பை.

அப்படியானால் ஒரே புல்லை ஓயாமல் வெட்டினால் செத்துப்போகாதா எனின், போகாது. என்னை? புல்லின் வளர்முனை உச்சியில் இல்லை, மண்ணை ஒட்டி அடித்தூரில் இருக்கிறது. மேலே வெட்டினால் கீழே பக்கத்தூர் வெடிக்கும். மாடும் மானும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மேய்ந்து மேய்ந்து புல்லுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. இதைத் தாவரவியல் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அறுத்த நெல்லின் தாளிலிருந்து மறுபடி துளிர்த்து வருவதை ‘மறுதாம்பு’ என்று டெல்டாவில் சொல்வார்கள். புல்தரை என்பது முடிவே இல்லாத மறுதாம்பு. இந்த ஒரு வரியை நிறுவுவதற்குத்தான் மேற்படி மூன்று பத்திகளும் எழுத வேண்டியிருந்தது.

வரலாற்றுக்கு வருவோம். இது கட்டுரையின் கட்டாயப் பகுதி.

வேலை வாங்காத நிலத்தைப் பச்சையாக வைத்திருப்பது முதலில் அரண்மனைகளின் வழக்கம். வெர்சாய் அரண்மனையில் ‘பச்சைக் கம்பளம்’ என்று பெயர் சூட்டி 335 மீட்டர் நீளத்துக்கு ஒரு புல்தரை வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஆந்த்ரே லெ நோத்ர். அந்தக் காலத்தில் வெட்டுவதற்கு நீள அரிவாளும் அதை வீசத் தெரிந்த ஆளும்தான் உண்டு. 1830-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை ஒட்ட வெட்டுவதற்கு உருளை வடிவில் ஒரு கத்தி இருந்தது. துணிக்குச் செய்வதைத் தரைக்கும் செய்தால் என்ன என்பது அவர் யோசனை. இதைத் தள்ளிக்கொண்டு போவது கனவான்களுக்கு நல்ல பொழுதுபோக்காகவும் தேகப்பயிற்சியாகவும் இருக்கும் என்று காப்புரிமை விண்ணப்பத்திலேயே ஆசை காட்டியிருக்கிறார். குரும்பகரத்தில் தேகப்பயிற்சிக்குப் பஞ்சமில்லாததால் இந்த வாதம் இங்கே எடுபடவில்லை.

பிறகு மிஷின் பெரிதாகி, இழுப்பதற்குக் குதிரை கட்டினார்கள். குளம்பு புல்லைக் கிழித்தது. அதற்காகக் குதிரையின் நான்கு காலுக்கும் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். இதைத் தம்பியிடம் சொன்னபோது நான் கதை விடுவதாகவே நினைத்தான். நம்முடையது மாட்டுக்கு லாடம் அடித்து வளர்ந்த நாகரிகம். ஆனால் பிரான்ஸ்காரரின் டிராக்டர் டயரைப் பார்த்தால் பூட்ஸின் வம்சாவளி தெரியும். வயல் டிராக்டர் டயரில் விரல் தடிமனுக்குக் கட்டைகள் எழும்பி நிற்கும், சேற்றைப் பிடிப்பதற்கு. இதில் அகலமான, வழுவழுப்பான, சிறுசிறு வில்லைகள் பதித்த டயர். சேற்றில் இறங்கினால் இருந்த இடத்திலேயே சுற்றும். கேஜ் வீல் மாட்டித் தொளி கலக்கிப் பழகியவர்கள் கண்ணுக்கு இது டிராக்டரில் சேர்த்தியே இல்லை. “காலுக்கு சாக்ஸ் போட்ட வண்டி” என்று டீக்கடையில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1899-இல் தோர்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் புல்தரையின் குட்டை உடைத்தார். புல்தரை உண்மையில் ஒரு மேய்ச்சல் நிலம்; அதில் பசுவை விட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; ஆனால் பசு பயன்படும் பிராணி, சிக்கனத்தை நினைவூட்டிவிடும், ஆகவே பணக்காரன் பசுவை உள்ளே விடமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். வெப்லன் சொன்னதைக் குரும்பகரத்தில் வேலிக்கு வெளியே நாலு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் அக்கா வெப்லனைப் படிக்காமலே சொல்லிவிட்டார். “இத்தன புல்ல வச்சிக்கிட்டு ஒரு ஆடு இல்லன்னா, அது என்னா வீடு?” என்பது அவர் பாடம். இரண்டு பாடங்களையும் ஒப்பிட்டதில் பின்னதே சுருக்கமானது.

வெப்லனுக்கு விதிவிலக்கும் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1918-இல், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்தரையில் செம்மறிகளை மேயவிட்டார். புல் வெட்டும் ஆட்கள் மிச்சம். கம்பளியை ஏலம் விட்டு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 52,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். இந்த முன்னுதாரணத்தை அக்காவின் சார்பில் பிரான்ஸ்காரர் முன் வைத்தேன். அது செம்மறி, இது வெள்ளாடு என்று அவர் தள்ளுபடி செய்தார். சட்டப்படி அவர் சொல்வது சரி. செம்மறி குனிந்து ஒட்ட மேயும். வெள்ளாடு அண்ணாந்து கொறிக்கும்; புல்லுக்கு வருவதற்குள் குரோட்டன்ஸ், செம்பருத்தி எல்லாம் காலி.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் எங்கே போய் முடிந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கிறிஸ்டினா மிலேசியும் அவர் கூட்டாளிகளும் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் புல்தரை சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர். பாசனம் பெறும் வேறெந்தப் பயிரையும்விட அதிகம். காரைக்கால் மாவட்டம் மொத்தமே ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். ஆக, ஆயிரம் காரைக்கால் பரப்புக்கு அவர்கள் விதைத்து, நீர் பாய்ச்சி, உரம் போட்டு, வெட்டி எறிந்துகொண்டிருக்கிறார்கள். இங்கே காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. பெரும்பகுதி காரைக்காலின் நெல்லுக்கு. உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பைத் திருத்தியபோதும் அந்த 7 அப்படியே நின்றது. அதில் புல்தரையின் பங்கு என்ன என்று இரண்டு தீர்ப்புகளுமே மௌனம் சாதிக்கின்றன. பிரான்ஸ்காரர் போர் போட்டு வைத்திருப்பதால் மேல்முறையீட்டுக்கு அவசரமில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் காரைக்காலுக்கு வந்து 1954 நவம்பரில் போனார்கள். பேனா பிடிக்கவும் கொம்யூன் என்று சொல்லவும் ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று அனுப்பவும் கற்றுக்கொடுத்தவர்கள், புல் வெட்டுவதற்கு ஏற்ற பருவத்தை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். இங்கேதான் நம் ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு இருக்கிறது.

ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரை சாத்திரத்தின் முதல் சூத்திரம். இரண்டு அங்குலத்தில் நிறுத்த வேண்டுமானால் மூன்று அங்குலம் வருவதற்குள் வெட்ட வேண்டும். மீறினால் இலை போய்க் காம்பு மட்டும் நிற்கும், தரை வெளிறும். சரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அருகம்புல் கண்ணெதிரே வளர்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துக் களிமண்ணில் மழை நாளில் டிராக்டரை இறக்கினால் சாக்ஸ் போட்ட கால் கணுக்கால்வரை இறங்கிவிடும். தடம் பதிந்தால் பதிந்ததுதான், கோடைவரைக்கும் அது வாய்க்கால். மழை விட்டு, மண் இறுகி, வண்டி இறங்கலாம் என்ற நிலை வரும்போது புல் முழங்காலைத் தொட்டிருக்கும். மூன்றில் ஒன்று என்ற சூத்திரம் அதற்கு எத்தனையோ வாரம் முன்பே காலாவதி. சித்திரை, வைகாசியில் தரை கல்லாக இருக்கும், எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் வெட்டப் புல் இருக்காது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆக, புல் உள்ளபோது வெட்ட முடியாது, வெட்ட முடிந்தபோது புல் இல்லை. இரண்டுக்கும் நடுவே தை, மாசி என்று ஓர் இடுக்கு இருக்கிறது. அந்த இடுக்கில்தான் சம்பா அறுவடை. அப்போது குரும்பகரம், அம்பகரத்தூர், நெடுங்காடு வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த எவனும் கையில் சிக்கமாட்டான். நெல் மூட்டை ஏற்றுவதை விட்டுவிட்டு ஒன்றரை மா புல்லை வெட்ட வருகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தம்பி ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்து வெட்டிவிட்டுப் போன வரலாறு உண்டு.

அடுத்து, வெட்டுத்தட்டின் இலக்கணம்.

அரிவாளால் புல் அறுப்பவர் இடது கையால் கற்றையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வலது கையால் அறுப்பார். பிடி இல்லாமல் கருக்கரிவாளை வீசினால் புல் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்கும். கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகு வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று வெட்ட. வெட்டுத்தட்டில் பிடிக்கும் கை இல்லை, இரண்டாவது அலகும் இல்லை. கவிழ்த்த தாம்பாளத்துக்குள் இரண்டு மூன்று இரும்புப் பட்டைகள் கிடைமட்டமாகச் சுற்றுகின்றன, அவ்வளவே. பிறகு எப்படி வெட்டுகிறது? வேகத்தால். புல் வளையலாமா என்று யோசிப்பதற்குள் வெட்டுப்பட்டிருக்கும். பட்டையின் நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. மணிக்கு 347 கிலோமீட்டர் வருகிறது. வந்தே பாரத் ரயிலின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், பிரான்ஸ்காரர் கொல்லையில், தரையிலிருந்து இரண்டரை அங்குல உயரத்தில்.

பட்டையின் பின்விளிம்பை மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். அது விசிறி இறக்கை மாதிரி வேலை செய்து தட்டுக்குள் காற்றை மேலே இழுக்கும். படுத்துக் கிடக்கும் புல் எழுந்து நின்று வெட்டு வாங்கிக்கொள்ளும். வெட்டுண்ட புல் அதே காற்றில் சுழன்று வலப்பக்க வாய் வழியாக வெளியே பாயும். முனை மழுங்கியிருந்தால் வெட்டாது, கிழிக்கும். அன்றைக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு இலை நுனியும் நாராகப் பிரிந்து பழுத்திருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ‘மருந்து கிருந்து அடிச்சீங்களா’ என்று விசாரிப்பார்கள்.

தட்டின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம், கால் அங்குலம்வரை, தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னே வெட்டிய புல்லைப் பின்னே வரும் பட்டை இன்னொரு தடவை அடித்து எஞ்சினை வீணாகத் திணறவைக்கும். இதைப் பார்க்க வண்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்று சரிபார்த்து, பட்டையின் நுனியிலிருந்து தரைவரை டேப் பிடிக்க வேண்டும். குரும்பகரத்தில் மேஸ்திரி ஒருவர் ரசமட்டத்தோடு வந்து, தட்டு முன்னால் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, முழு மட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காபி சாப்பிட்டுப் போனார். அதைப் பழையபடி சாய்க்கப் பிரான்ஸ்காரருக்கு ஒரு காலைப் பொழுது ஆயிற்று. மேஸ்திரிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

தட்டின் உள்வயிற்றை யாரும் ஆய்வு செய்வதில்லை. பனி காயாத காலையில் வெட்டினால் புல் பறக்காது, ஒட்டும். வெட்டி முடித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு (இந்த அடைப்புக்குள் இருப்பதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: சாவி கையில் இல்லாமல் தட்டுக்கடியில் கை விடவே கூடாது) குனிந்து பார்த்தால், உட்பக்கம் முழுக்க இரண்டு விரல் கனத்துக்குப் பச்சைச் சாந்து அப்பியிருக்கும். வெளிப்பக்கம் காய்ந்து பொருக்கு தட்டி, உள்ளே ஈரமாக, கொஞ்சம் சூடாகக்கூட இருக்கும். பழைய கொத்துக்கரண்டியால் தம்பி அதைச் சுரண்டும்போது பாளமாகக் கழன்று விழும். முதலில் பச்சைப்புல் மணம், அடுத்த அடுக்கில் சாணி மணம். புல்லை மாடு தின்று வைக்கும் இடத்துக்குத் தட்டு மாடில்லாமலே கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்பது என் துணிபு. வேதியியல் அறிஞர்கள் மறுக்கலாம்.

வெட்டுவதற்கு முன் களத்தைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டின் கட்டளை. அந்த வேகத்தில் ஒரு கருங்கல் ஜல்லி பட்டால் அது ஜல்லி இல்லை, தோட்டா. முன்பகுதியில் பொறுக்கியவை: தென்னங்குரும்பை, பாளையின் துண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்து, ஒற்றைச் செருப்பு, போர் போட்டபோது விட்டுப்போன பைப் துண்டு. இவற்றை அகழாய்வு முறையில் அடுக்கு வாரியாகப் பதிவு செய்ய முயன்றேன். “சார், தள்ளுங்க, வெய்யில் ஏறுது” என்று தம்பி அகழாய்வை முடித்துவைத்தான். வண்டி நகர்ந்ததும் வெட்டுக்கிளிகள் எழும்பின. பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வந்தன. ஏர் உழும்போது வருகிற அதே கொக்குகள்தான். மண் புரளவில்லையே, புழு இல்லையே என்று முதல் சுற்றில் கொஞ்சம் குழம்பி நின்றுவிட்டு, இரண்டாம் சுற்றிலிருந்து வெட்டுக்கிளிக்கு மாறிக்கொண்டன.

இடையிடையே எழும்பி நிற்கும் கோரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இந்தப் பாடத்தில் இடைச்செருகல். தட்டு அதை மேலே வெட்டும். கீழே கிழங்கு சிரித்துக்கொண்டிருக்கும். இரண்டு நாளில் அருகம்புல்லுக்கு மேல் தலை நீட்டும். பாடபேதம் என்று விட்டுவிடுவதே பதிப்பாசிரியருக்கு நல்லது. தட்டு எட்டாத மதிலோரத்தை மட்டும் தம்பி மண்வெட்டியால் நறுக்கிவிடுகிறான். வெளிநாட்டில் இதற்கெனத் தனி மிஷின் விற்கிறார்கள். நம்மிடம் அது வரப்புக்கு அண்டை வெட்டும் வேலை, அதற்குமேல் ஒன்றுமில்லை.

கடைசியாக, ஆய்வுலகில் இதுவரை எழுப்பப்படாத கேள்வி: வண்டி எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்?

புல் வெளியேறும் வாய் வலப்பக்கம் இருக்கிறது. கையேடு சொல்லும் முறை இது. முதல் இரண்டு சுற்று மதிலை ஒட்டிக் கடிகார முள் போகிற திசையில் போ. புல் உள்நோக்கி விழும், மதிலிலும் பூச்செடியிலும் அடிக்காது. பிறகு திசையை மாற்றி எதிர்ச்சுற்றாகவே முடி. புல் ஏற்கெனவே வெட்டிய தரையில் விழும், வெட்டாத புல்லின்மேல் குவிந்து தட்டை அடைக்காது. இதில் காரணம் இருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கடிகாரத் திசையில் சுற்றுவது என்றால் நம் ஊரில் வலம் வருவது. எதிர்த்திசை இடம். திருநள்ளாறு சில கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே சனீஸ்வரனுக்குக் கூட்டம் கூடினாலும் மூலவர் தர்ப்பாரண்யேசுவரர், தர்ப்பைக் காட்டின் இறைவன், தலவிருட்சமே தர்ப்பை. புல்லை விருட்சமாக வைத்திருக்கும் அந்தத் தலத்தின் எல்லைக்குள் இருந்துகொண்டு, புல்லின்மேல் பன்னிரண்டு சுற்று இடமாக வரச் சொல்கிறது எங்கோ அச்சடித்த கையேடு. தம்பி மறுத்துவிட்டான்.

“இடமா சுத்தமாட்டேன்னு சொல்லல சார். அளவோட சுத்துவேன். நவக்கிரகத்துக்கு ஏழு வலமா வந்துட்டு, ராகு கேதுவுக்கு மட்டும் ரெண்டு இடமா வர்றதில்லயா? அந்த மாதிரி.”

“தரைக்குப் பதினாலு சுற்று ஆகுமே தம்பி. மீதி அஞ்சு?”

“அது சனீஸ்வரனுக்கு எக்ஸ்ட்ரா. ஒண்ணும் குத்தமில்ல.”

கணக்கு மெய்தான். தட்டின் அகலம் ஐந்தடி. ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று நாலு விரல் ஏறினால் நாற்பது மீட்டர் அகலத்துக்குப் பதினான்கு சுற்று வரும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களையும் சேர்த்து அரைமணிக்குள் முடிகிற வேலை. திசைத் தகராறு அதற்கு முன் முக்கால் மணி நேரம் நடந்தது.

வேலியோரத்து அக்கா குறுக்கிட்டது அப்போதுதான். வெட்டிய புல் யாருக்கு என்ற சொத்து வழக்கு அதுவரை தீராமல் இருந்தது. பிரான்ஸ்காரர், புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே தூவிவிடும் மூடி ஒன்றை வாய்க்கு மாட்டலாம் என்ற கட்சி. அது மக்கி உரமாகும். மண்ணுக்கு நல்லதுதான். அக்காவின் கட்சி வேறு.

“வெட்டுனத அங்கயே போட்டுட்டுப் போறதுக்கு என்னாத்துக்குய்யா வெட்டுறீங்க? நம்ம பக்கமா அடிக்கச் சொல்லுங்க. சாக்கு கொண்டாந்திருக்கேன்.”

புல் வேலிப்பக்கம் விழ வேண்டுமானால் வலப்பக்க வாய் வெளியே பார்க்க வேண்டும். அப்படியென்றால் வேலியை ஒட்டி வண்டி இடமாகச் சுற்ற வேண்டும். கையேடு அங்கே வலமாகப் போகச் சொல்கிறது. தம்பிக்கு இடம் இரண்டு சுற்றுக்கு மேல் கூடாது. மூன்று சாத்திரமும் மூன்று திசை.

தம்பிதான் வழி கண்டான். பட்டைகளை ஓட்டாமல் வண்டியை நேராக நடுத்தரைக்குக் கொண்டுபோனான். அங்கே தட்டை இறக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வலம் வர ஆரம்பித்தான். வலம் வரும்போது வலப்பக்கம் எப்போதும் நடுவைப் பார்த்திருக்கும். நடுவில் ஏற்கெனவே வெட்டியாயிற்று. புல் வெட்டிய தரையில் விழுந்தது, தட்டு அடைக்கவில்லை. கையேடு எதற்காகத் திசை மாற்றச் சொன்னதோ அது திசை மாற்றாமலே நடந்தது. ராகு கேது பாக்கிக்கு வேலியை ஒட்டிய கடைசி இரண்டு சுற்று மிச்சம். அங்கே வந்ததும் வண்டியை நிறுத்தி, அக்காவையும் ஆடுகளையும் ரோட்டுப் பக்கம் தூரப்போகச் சொல்லிவிட்டு, ஒருமுறை தரையைப் பார்த்துக் கல் பொறுக்கி, முன்பின் ஓட்டித் திருப்பி, இடமாக இரண்டு சுற்று வந்தான். புல் முழுக்க வேலியோரம் வரிசையாகப் படிந்தது.

எஞ்சின் நின்ற பிறகு அக்கா வந்து சாக்கில் அள்ளினார். ஒரு சாக்கு நிறைந்து இரண்டாவதும் முக்கால். நடுத்தரையில் விழுந்த பன்னிரண்டு சுற்றுப் புல்லையும் கண்ணால் அளந்துவிட்டு, “அடுத்த தடவ ராகு கேதுவுக்கு நாலு சுத்தா வையி தம்பி” என்றார்.